வருஷத்துக்கு ஒரு கனவு மாறுகிறது, நான் எதையும் முடிக்காதவளா?

கேள்வி:

மேடம், எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், சம்பளம் 18,000. படித்தது பி.காம்., 58 சதவீதம். கணவர் டையிங் யூனிட்டில் சூப்பர்வைசர். மகள் பத்தாவது, மகன் ஐந்தாவது. காலேஜில் சி.ஏ. ஆக வேண்டும் என்று இருந்தேன், இரண்டு முறை எழுதியும் பாஸ் ஆகவில்லை, கல்யாணம் ஆகிவிட்டது. மகள் பிறந்த பிறகு பேங்க் எக்ஸாமுக்குப் படித்தேன், மாமியாருக்கு ஆபரேஷன் வந்ததில் அது நின்றது. லாக்டவுனில் கேக் ஆர்டர் எடுத்தேன். அப்புறம் ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் சேர்ந்து, முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் இரண்டு பேப்பரோடு விட்டுவிட்டேன். இப்போது வக்கீல் ஆக வேண்டும் போல இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒன்பது வருடம் டெய்லராக இருந்த ஒரு அக்கா இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டு நின்றார். பிஎஃப் பணம் வரவே இல்லை. ஆதாரில் ஒரு பெயர், பிஎஃப் கணக்கில் ஒரு பெயர், பிறந்த தேதியும் வேறு. போட்ட கிளெய்ம் எல்லாம் ரிஜெக்ட். ஒரு ஏஜென்ட் 15,000 கேட்டிருக்கிறார். நான் ராத்திரி உட்கார்ந்து படித்துப் பார்த்து, ஜாயின்ட் டிக்ளரேஷன் (தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கொடுக்கும் திருத்த மனு) எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, முதலில் பெயரைச் சரி செய்து, அப்புறம் பிஎஃப் பணத்துக்கு ஃபார்ம் 19, பத்து வருட சர்வீஸ் ஆகாததால் பென்ஷன் பணத்துக்கு 10சி என்று போட்டுக் கொடுத்தேன். பணம் ஏறிய அன்று அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதிலிருந்து லைனில் யாருக்கு என்ன என்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள்.

கணவர் "முதல்ல ஒண்ணையாவது முடி" என்கிறார். மகள் அதற்கு மேல். "நீ மட்டும் வருஷத்துக்கு ஒண்ணு மாத்துவ, நான் பயாலஜி வேணாம் காமர்ஸ் எடுக்கறேன்னா மட்டும் திட்டற" என்கிறாள். தெரிந்தவர் ஒருவர் வெளிமாநில சட்டக் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார், பரீட்சைக்கு மட்டும் போனால் போதுமாம். அவரிடம் 10,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். இந்த வயதில் இது சரியா? வேலையை விடலாமா?

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

வணக்கம். உங்கள் கேள்வியை விட, எதை எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. சி.ஏ., பேங்க், கேக், டேட்டா சயின்ஸ் எல்லாம் தலைக்கு ஒரு வரி. அந்த டெய்லர் அக்காவின் பிஎஃப் விஷயத்துக்கு ஒரு முழுப் பத்தி, அதுவும் எந்த ஃபார்ம், ஏன் அந்த ஃபார்ம் என்கிற வரைக்கும். வக்கீல் ஆகும் ஆசை மறுபடி ஒரே வரி, அதிலும் ஒரு "போல இருக்கிறது".

அதனால் நான் இதை இப்படி எடுத்துக்கொள்கிறேன். இதுவரை நீங்கள் முதலில் பார்த்தது ஒரு பெயரை. ஆடிட்டர், பேங்க் ஆபீசர், டேட்டா சயின்டிஸ்ட். அந்த வேலையில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை என்ன செய்வார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது, சிலதில் தெரியாமலே போனது. இந்த முறை தலைகீழாக நடந்திருக்கிறது. யாரும் சொல்லாமல், சம்பளம் இல்லாமல், ராத்திரி கண் விழித்து வேலையை முதலில் செய்துவிட்டீர்கள், பிடித்தும் விட்டது. அதற்கு என்ன பெயர் என்று தேடியபோது கைக்குக் கிடைத்த முதல் பெயர் வக்கீல். அதுவே சரியான பெயராகவும் இருக்கலாம். ஆனால் அதே வேலை வேறு பெயர்களிலும் நடக்கிறது, அவற்றில் சிலவற்றுக்கு மூன்று வருடப் படிப்பும் கறுப்பு கோட்டும் தேவையில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் வேலையை விடாதீர்கள்.

"முடிக்காதவள்" விஷயத்துக்கு வருவோம். கணவர் சொல்வது முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க நியாயமும் இல்லை. சி.ஏ.வில் ஃபெயில் ஆனீர்கள், அதை முடிக்காமல் விட்டது என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பரீட்சையில் ஃபெயில் ஆகாதவர்கள்தான் குறைவு. பேங்க் பரீட்சையை நீங்கள் விடவில்லை. வீட்டில் ஒருவர் படுத்தார், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டியிருந்தது, அந்த ஒருவர் நீங்கள்தான் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்க மாட்டார்கள், தானாக அப்படி ஆகியிருக்கும். கேக் எப்படி நின்றது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் லாக்டவுனில் வீட்டில் தொடங்கிய எத்தனையோ பேக்கரிகள் கடைகள் திறந்ததும் படுத்துவிட்டன. நீங்களாக விட்டது டேட்டா சயின்ஸ் ஒன்றுதான். அங்கே மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஃபவுண்டேஷனிலேயே எட்டு பேப்பர், வாரா வாரம் அசைன்மென்ட், பரீட்சைக்கு நேரில் சென்டருக்குப் போக வேண்டும். பாடம் பிடிக்கவில்லையா, புரியவில்லையா, இல்லை கம்பெனியின் இயர் எண்டிங்கும் பிள்ளைகள் பரீட்சையும் ஒன்றாக வந்து மாட்டினீர்களா? பிடிக்கவில்லை என்றால் இரண்டு பேப்பரிலேயே தெரிந்துகொண்டது லாபம்தான், நாலு வருடம் இழுத்துவிட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நேரமில்லாமல் விட்டிருந்தால்தான் கவலை. சட்டப் படிப்பும் அதே வீட்டில்தான் நடக்கப் போகிறது, மார்ச் மாதம் அங்கேயும் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு புது ஆரம்பத்திலும் வீட்டில் கொஞ்சம் பணமும் நிறையப் பொறுமையும் செலவாகியிருக்கிறது. "ஒண்ணையாவது முடி" என்பதற்குள் அந்த அலுப்பும் இருக்கிறது. அதைப் பெண் படிப்பதைப் பிடிக்காதவரின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொண்டால் அவரோடு பேசவே முடியாமல் போய்விடும்.

இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஆலப்புழா கார்த்தியாயினி அம்மாவைக் கூட்டி வருவார்கள். 2018-இல் தன் 96-ஆவது வயதில் கேரள எழுத்தறிவுத் தேர்வை எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார், நாரி சக்தி விருதும் கிடைத்தது. அந்த அம்மா மேல் எனக்கு ரொம்ப மரியாதை. ஆனால் 96 வயதில் அவர் காலை ஆறு மணிக்கு நாலு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை, மார்க் குறைந்தால் அடுத்த மாத ஸ்கூல் ஃபீஸ் நிற்கப் போவதும் இல்லை. "அவரே படித்தார், உனக்கென்ன" என்று இந்தக் கதைகளை வைத்து உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வயது ஒரு பிரச்சினையே இல்லை. நேரமும் பணமும்தான் பிரச்சினை.

வயது பிரச்சினை இல்லை என்று சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. மூன்றாண்டு எல்.எல்.பி.க்குத் தமிழ்நாட்டில் உச்ச வயது வரம்பு கிடையாது. 30 வயதுக்கு மேல் சேரக் கூடாது என்று பார் கவுன்சில் ஒரு காலத்தில் வைத்துப் பார்த்தது, வழக்குகள் போய் அது நிற்கவில்லை. நுழைவுத் தேர்வும் இல்லை, டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் டிகிரி மார்க்கை வைத்துத்தான் ரேங்க் போடுகிறது. பொதுப் பிரிவுக்கே 45 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், உங்களிடம் 58 இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கத் தகுதி இருப்பது வேறு, அரசுக் கல்லூரியில் சீட் கிடைப்பது வேறு. ரேங்க் லிஸ்ட்டில் உங்கள் பெயர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் கம்பெனியில் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அரசுக் கல்லூரி கிடைத்தால் ஃபீஸ் பெரிய சுமை இல்லை. தனியார் என்றால் கணக்கே வேறு.

இங்கே இடிப்பது வருகைப் பதிவு. எல்.எல்.பி.யைத் தபாலில் படிக்க முடியாது, நம் ஊரில் மாலைக் கல்லூரியும் கிடையாது. பகலில் போக வேண்டும், 70 சதவீத வருகை இருக்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அரசு சட்டக் கல்லூரி கோவையில், மருதமலை ரோட்டில் இருக்கிறது. திருப்பூரிலிருந்து காந்திபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், போக வர நாலு மணி நேரம் சர்வசாதாரணமாகப் போய்விடும். அக்கவுண்ட்ஸ் வேலையும் பகல் வேலை, இரண்டும் சேராது. 18,000 சம்பளத்தை 36 மாதத்துக்கு விட்டால் 6,48,000 ரூபாய். ஃபீஸை விடப் பெரிய செலவு இதுதான், ஆனால் நாம் கையிலிருந்து கொடுக்காத பணம் என்பதால் யாரும் இதை எழுதிப் பார்ப்பதில்லை.

படித்து முடித்ததும் வருமானம் தொடங்கிவிடுமா என்றால், அதுவும் இல்லை. பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும் (பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, முன்பெல்லாம் இதற்கே ஆயிரக்கணக்கில் கட்டினார்கள்). அகில இந்திய பார் தேர்வில் பாஸ் ஆக வேண்டும். பதிவு செய்த வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது, அதனால் பழைய கம்பெனிக்கும் திரும்ப முடியாது. அப்புறம் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்வீர்கள், உங்கள் சீனியர் உங்களை விட வயதில் சின்னவராக இருக்கலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024-இல் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டி நம் மாநில பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. எத்தனை சீனியர்கள் கொடுக்கிறார்கள் என்று கோர்ட் வாசல் டீக்கடையில் நிற்கும் ஏதாவது ஒரு ஜூனியரைக் கேளுங்கள், முதலில் சிரிப்பார். ஆக மூன்று வருடம் வருமானமே இல்லாமல், அதற்கு மேல் ஓரிரண்டு வருடம் அரைகுறையாக. நீதிபதி தேர்வு எழுதலாமே என்று யாராவது சொன்னால், அதற்கு வயது வரம்பும் இருக்கிறது, மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்கவும் வேண்டும். அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது பிள்ளைகளின் வயதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரும் கல்வியாண்டில் நீங்கள் சேர்ந்தால் உங்கள் முதல் வருடம் மகளுக்கு பிளஸ் ஒன், இரண்டாம் வருடம் பிளஸ் டூ, மூன்றாம் வருடம் அவளுக்குக் காலேஜ் ஃபீஸ். அதாவது வீட்டில் ஒரு சம்பளம் நிற்கும்போதுதான் பெரிய செலவு வருகிறது, அம்மா கோயம்புத்தூர் பஸ்ஸில் நிற்கும்போதுதான் அவளுக்குப் பப்ளிக் எக்ஸாம் வருகிறது. மகள் காலேஜ் சேர்ந்த பிறகு நீங்கள் சேர்ந்தால் உங்களுக்கு 40, 41 ஆகியிருக்கும், மகன் எட்டாவதுக்கு வந்திருப்பான். வயது வரம்பு இல்லாத படிப்பில் இரண்டு, மூன்று வருடம் தள்ளிப் போடுவதால் நீங்கள் இழப்பது ரொம்பக் குறைவு. இப்போது வேலையை விட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஆனால் சும்மா காத்திருக்கச் சொல்லவில்லை. இந்த இடைவெளியில்தான் உங்கள் கேள்விக்கு நிஜமான விடை கிடைக்கும்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு கோர்ட்டுக்குப் போய் உட்காருங்கள். நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்த இடம், போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காரலாம், யாராவது கேட்டால் பார்க்க வந்தேன் என்று சொல்லலாம். குடும்ப நீதிமன்றம் வேண்டாம், அங்கே பல விசாரணைகள் மூடிய அறையில் நடக்கும். முன்சீப் கோர்ட்டுக்கோ, விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கிற கோர்ட்டுக்கோ போங்கள். முடிந்தால் இன்னொரு நாள் கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்கும். பத்தரைக்கு டவாலி கூப்பிட ஆரம்பிப்பார். ஒரு பெயர், ஒரு கட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா. அடுத்த பெயர், சாட்சி வரவில்லை, வாய்தா. அடுத்தது, பதில் மனு தாக்கல் செய்ய அவகாசம் கேட்கிறார்கள், வாய்தா. ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவார். நடுவில் ஒரே ஒரு வழக்கில் குறுக்கு விசாரணை நடக்கும், அரை மணி நேரம், அதில் உங்களுக்கு நேரம் போவதே தெரியாது.

அன்று ராத்திரி உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அக்கா விஷயத்தில் உங்களுக்கு எது பிடித்தது? பணம் ஏறிய அந்த நாளா, எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருந்த ராத்திரிகளா? பணம் ஏறிய நாள்தான் என்றால் கோர்ட் உங்களை நோகடிக்கும், அப்படிப்பட்ட நாள் அங்கே வருடக் கணக்கில் வராது. தேடிய ராத்திரிகள் என்றால் இந்தத் தொழிலில் உங்களுக்குப் பிடித்த வேலை ஆயுசுக்கும் இருக்கிறது. இங்கிலீஷ் நினைத்துப் பயம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான்.

இரண்டாவது, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். பாரா லீகல் வாலண்டியர் என்று பொதுமக்களிலிருந்து ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, வேலை பார்த்த நாளுக்குச் சின்னதாக மதிப்பூதியம் உண்டு. சட்ட விஷயம் தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வது, மக்கள் நீதிமன்றம் நடக்கும்போது உதவுவது, இதெல்லாம் அவர்கள் வேலை. நீங்கள் ஏற்கெனவே லைனில் செய்வதுதான், இங்கே ஒரு அடையாள அட்டையோடு செய்வீர்கள். அடுத்து எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

மூன்றாவதாக, உங்கள் ஊரிலேயே நடக்கிற ஒரு தொழிலை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், அல்லது ஏஜென்ட் என்ற பெயரால் அதன் மேல் உங்களுக்கு வெறுப்பு. இருபது பேர் வேலை செய்தால் பிஎஃப் கட்டாயம், பத்துப் பேர் என்றால் இஎஸ்ஐ. திருப்பூரில் அந்த அளவில் எத்தனை ஜாப் ஒர்க் யூனிட் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், இதற்கென்று தனியாக ஆள் போட அவர்களால் முடியாது. மாதா மாதம் ஈசிஆர் (பிஎஃப் மாத அறிக்கை) ஏற்றுவது, புது ஆளுக்கு யூஏஎன் (பிஎஃப் எண்) எடுப்பது, பெயர்த் திருத்தம், கிளெய்ம், இன்ஸ்பெக்ஷன் வந்தால் ரிஜிஸ்டர் காட்டுவது, எல்லாம் வெளியே கன்சல்டன்டிடம் போகிறது. பத்து யூனிட் பிடித்தால் உங்கள் இப்போதைய சம்பளத்தைத் தொட்டுவிடலாம். உங்களுக்கு வேஜ் ரிஜிஸ்டர் படிக்கத் தெரியும், முதலாளியிடம் கையெழுத்து வாங்கத் தெரியும். தொழிலாளர் சட்டத்தில் ஒரு வருட டிப்ளமோவைத் தபாலில் படித்துவிட்டு இதைத் தொடங்கலாம் (சேரும் முன் யுஜிசி இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலைக் கல்வி அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்).

இதில் ஒரு சிக்கலும் உண்டு, சொல்லாமல் விட்டால் தப்பு. கன்சல்டன்டுக்குப் பணம் தருவது முதலாளி. பிஎஃப்-ஐக் குறைத்துக் காட்டு, பாதிப் பேரை லிஸ்ட்டில் சேர்க்காதே என்று ஒரு நாள் ஒருவர் சொல்லத்தான் போகிறார். உங்கள் மனசு இருப்பது தொழிலாளி பக்கம். அந்த நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் உங்கள் விடையின் ஒரு பகுதி. முடியாது என்று எழுந்து வரத் தோன்றினால், அப்போது சட்டப் படிப்புக்கு ஒரு வலுவான காரணம் கிடைக்கிறது. யார் பக்கம் நிற்பது என்பதை வக்கீல் தானே முடிவு செய்யலாம். இந்தக் காரணத்தோடு போகிறவர்கள் மூன்று வருட பஸ் பயணத்தைத் தாங்குவார்கள். வெறுமனே "வக்கீல் ஆகணும் போல இருந்தது" என்று போகிறவர்கள் முதல் செமஸ்டர் அரியரிலேயே திரும்பி வருவார்கள்.

எல்லோரும் எப்போதோ முடித்துவிட்டார்கள், நான் மட்டும் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் உங்களுக்கு இருப்பது கடிதத்தில் தெரிகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. முப்பது வருடம் 302, 420 என்று சொல்லியே பழகிய வக்கீல்கள் 103, 318 என்று புதிதாக மனப்பாடம் செய்தார்கள், இன்னமும் வாயில் பழசுதான் வருகிறது. உங்கள் துறையில் அதைவிடப் பெரிய மாற்றம். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிஎஃப் முன்பணம் எடுக்க இருந்த 13 விதமான பிரிவுகளை மூன்றாகச் சுருக்க அதற்கு முந்தின மாதம்தான் முடிவானது. இருபது வருடம் அனுபவமுள்ள கன்சல்டன்டும் இன்று முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் தாமதமாக வரவில்லை, இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

எப்போது படிப்பது என்று கேட்பீர்கள். தினம் ராத்திரி இரண்டு மணி நேரம் என்று டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள், அது ஒரு வாரம்கூடத் தாங்காது. உங்கள் மாதத்தைப் பாருங்கள். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 15-ஆம் தேதி பிஎஃப் இஎஸ்ஐ, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன். அதுவரை ஆபீசிலிருந்து வந்தால் உடம்பு படுக்கத்தான் சொல்லும். 21 முதல் சம்பள ஷீட் போடும் வரை உள்ள நாட்கள்தான் உங்கள் படிப்பு நாட்கள். அந்த எட்டு, ஒன்பது நாட்களில் மட்டும் ராத்திரி ஒன்றரை மணி நேரம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை. மீதி நாட்களில் படிக்கவில்லையே என்று குற்ற உணர்ச்சி வேண்டாம், திட்டத்திலேயே அப்படித்தான். மார்ச், ஏப்ரலை மொத்தமாக விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு நேரம் குறைகிறதே என்ற உறுத்தல் வரும். மகனுக்கு ஐந்தாவது, இன்னும் இரண்டு வருடத்துக்கு அவனுக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அவன் கணக்கு போடுகிற மேஜையிலேயே நீங்களும் படிக்கலாம், நடுவில் பத்து தடவை கூப்பிடுவான் என்பது வேறு விஷயம். அம்மா படிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்று சொல்வார்கள், நடந்தால் நல்லது, அதை நம்பித் தொடங்காதீர்கள். அம்மா எரிச்சலாக இருக்கிறாளா இல்லையா என்பதைத்தான் பிள்ளைகள் முதலில் பார்ப்பார்கள். டேட்டா சயின்ஸ் நாட்களில் வீட்டில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று மகளையே கேளுங்கள். கூச்சப்படாமல் சொல்லுவாள், அவளுக்கு வாய் இருக்கிறது.

அவள் கேட்டதற்கு வருகிறேன். திட்டித் தப்பிக்க முடியாத கேள்வி அது. நீங்கள் 38 வயதில் மனம் மாறலாம் என்றால் 15 வயதில் அவளும் மாறலாம். ஏன் உங்களுக்குக் கோபம் வருகிறது என்பதையும் யோசியுங்கள். காமர்ஸ் உங்களை ஏமாற்றிய பாதை, மகளும் அங்கே போய் நிற்கிறாளே என்ற பயமாக இருக்கலாம். இருந்தால் அதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள், சயின்ஸ்தான் நல்லது என்று பொதுவாகப் பேசாதீர்கள். கூடவே ஒரு தகவலும் சொல்லுங்கள், மிரட்டலாக வேண்டாம். பயாலஜி எடுத்தவள் பிறகு பி.காம். போகலாம், காமர்ஸ் எடுத்துவிட்டு நீட் பக்கம் திரும்புவது கஷ்டம். எந்த குரூப் எடுத்தாலும் ஐந்தாண்டு சட்டப் படிப்பு திறந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டும் அவள் காமர்ஸ்தான் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் கோர்ட் நாளில் அவளையும் லீவில் கூட்டிப் போனாலும் தப்பில்லை.

கணவரிடம் கனவைப் பற்றிப் பேச வேண்டாம், அந்தப் பேச்சை அவர் பல தடவை கேட்டுவிட்டார். மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், 6,48,000 உட்பட. இப்போது வேலையை விடவில்லை என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். அவரிடமிருந்து வேண்டியதையும் "சப்போர்ட்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள். மாதக் கடைசி எட்டு நாள் ராத்திரி மகனைப் படுக்க வைப்பது அவர் பொறுப்பு, அவருக்கு நைட் ஷிஃப்ட் வந்தால் எந்த நாளுக்கு மாற்றுவது, இந்த மாதிரி. மாமியார் விஷயத்தில் நடந்தது மறுபடி நடந்தால் யார் லீவு போடுவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பேசச் சங்கடமான விஷயம்தான், ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பேசினால் இன்னும் சங்கடம்.

கடைசியாக அந்த வெளிமாநிலக் கல்லூரி. வேண்டவே வேண்டாம். வகுப்பே நடக்காமல் பரீட்சைக்கு மட்டும் வரச் சொல்கிற லெட்டர்பேட் கல்லூரிகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே பல முறை கடுமையாகப் பேசியிருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே அதே நாட்களில் இன்னொரு மாநிலத்தில் வகுப்பில் இருந்ததாக ஒரு சான்றிதழ் வாங்கினால், உங்கள் பிஎஃப் கணக்கே உங்களுக்கு எதிரான சாட்சி. என்றைக்காவது ஒரு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தோண்டி எடுத்தால் பதிவே போய்விடும். கொடுத்த 10,000-ஐத் திரும்பக் கேளுங்கள், போனில் பேசாமல் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், எந்தத் தேதியில் எப்படிக் கொடுத்தீர்கள் என்பதையும் அந்த மெசேஜிலேயே போடுங்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி. எதையாவது அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் முதலில் சண்டை போடாமல் அதைக் கையில் வாங்கிவிடுங்கள், பணத்தை அப்புறம் கேட்கலாம்.